பில்ட் சிவந்தால் எங்கே பார்ப்பது: சிஐ கொன்பிக் பிழைகள், அறிகுறிப்படி

கிளிநொச்சியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் செய்கிறோம். குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் போகிறது, எந்தக் கமக்காரர் எவ்வளவு விதைத்திருக்கிறார் என்று பதிந்து வைக்கிற மென்பொருள். காலபோகம் தொடங்கமுன் புதிய பதிப்பு கைக்குப் போயாக வேண்டும். துருசு திறந்த பிறகு, "பில்ட் சிவப்பாக் கிடக்கு, இரண்டு நாள் பொறுங்கோ" என்று ஒருவரிடமும் சொல்ல ஏலாது.

சிஐ என்றால், நிரல் மாறும் ஒவ்வொரு தடவையும் அதைத் தானாகக் கட்டிச் சோதிக்கிற ஏற்பாடு. அந்தக் கட்டல்தான் பில்ட்; சரிவந்தால் பச்சை, பிழைத்தால் சிவப்பு. ஆரம்பத்தில் எங்களின் சிஐ ஒரு பழைய மேசைக் கணினியில், ஜென்கின்ஸ் என்ற மென்பொருளில் ஓடியது. எல்லாம் திரையில் குத்திக் குத்தி வைத்த அமைப்பு. ஒரு மாரி நாள் மின்னலோடு அதன் வன்தட்டு போனது. நிரல் முழுவதும், மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிற்றில் பத்திரமாக இருந்தது. அதைக் கட்டிச் சோதிக்கிற முறை மட்டும் ஒருவருக்கும் முழுதாக நினைவில்லை. எந்தப் பெட்டியில் சரி போட்டோம், எந்தச் சூழல் மாறிக்கு என்ன கொடுத்தோம் என்று மூன்று நாள் குந்தியிருந்து யோசித்தோம். அதற்குப் பிறகுதான் சிஐ அமைப்பையும் நிரலுக்குப் பக்கத்திலேயே கோப்பாக (இதுதான் கொன்பிக்) எழுதி, கொமிட் பண்ணி (கிற்றில் பதிந்து), மற்றவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு முதன்மை நிரலோடு மேர்ஜ் பண்ணுகிற வழக்கத்துக்கு வந்தோம். இப்போது இருப்பது, நிரலை வைக்கிற கிற்ஹப் தளத்தின் சிஐயான கிற்ஹப் ஆக்ஷன்ஸ். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பெடியள் அதேமாதிரித் தளமான கிற்லாப்பும் கொண்டுவருவார்கள். அதனால் இரண்டையும் தொட்டுப் போகிறேன்.

கோப்பாக வைத்ததால் பிழை வராமல் விடவில்லை. தேடுகிற இடம் குறுகியது, அவ்வளவுதான். கோப்புக்குள் இருக்கிற பிழை அரை மணித்தியாலத்தில் பிடிபட்டுவிடும். இரவு முழுக்க இழுத்தடிப்பது கோப்புக்குள் வராத சங்கதிகள்தான்: ஒரு ரகசியச் சொல், பில்டை ஓட்டுகிற ரன்னர் மெசினின் மணிக்கூடு, எங்கோ ஒருவர் நகர்த்திவிட்ட ஒரு டேக் (கொமிட் ஒன்றுக்கு ஒட்டுகிற பெயர்ச்சீட்டு).

அதனால் எந்த அறிகுறி என்றாலும் முதல் வேலை ஒன்றே. கடைசியாகப் பச்சையாக இருந்த கொமிட்டை எடுங்கள். முதலில் சிவந்த கொமிட்டை எடுங்கள். இரண்டுக்கும் இடையில் கொன்பிக் கோப்பு, லொக் கோப்பு (நூலகங்களின் பதிப்புகளைப் பூட்டி வைப்பது), டொக்கர் கோப்பு (மென்பொருள் ஓடுகிற சூழலைப் படிமமாகக் கட்டச் சொல்வது) மூன்றிலும் என்ன மாறியது என்று கிற் டிஃப் போட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அங்கேயே தேடுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் நிரலை நோண்டி நேரத்தை வீணாக்காமல், "நேற்று பச்சை, இன்று சிவப்பு" பகுதிக்குப் போய்விடுங்கள்.

புஷ் பண்ணியாச்சு, ஒன்றுமே ஓடவில்லை

"அக்கா, ஒண்டும் ஓடேல்லை."

"லொக் பாத்தனியோ?"

"லொக்கே இல்லை அக்கா."

சிவப்பைவிட மோசமானது, கொமிட்டைத் தளத்துக்குப் புஷ் பண்ணிய பிறகு வருகிற இந்த மௌனம். சிவப்பு என்றால் லொக்கில், அதாவது ஓட்டத்தின் பதிவில், வாசிக்க ஏதாவது இருக்கும். (மேலே சொன்ன லொக் கோப்பு வேறு.)

முதலில் கோப்பு இருக்கும் இடம். கிற்ஹப்பில் அது புள்ளியில் தொடங்கும் கிற்ஹப் அடைவுக்குள், வேர்க்ஃப்ளோஸ் என்ற அடைவில் இருக்க வேண்டும். வேர்க்ஃப்ளோ என்று ஒருமையில் அடைவு செய்தால் கிற்ஹப் அதைத் திரும்பியும் பார்க்காது. பிழை என்றும் சொல்லாது. கிற்லாப்பில் கோப்பு ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) வேரிலேயே இருக்க வேண்டும், பெயரின் முன்னால் புள்ளியோடு. வின்டோஸ் நோட்பாட்டில் சேமித்தவர்கள் கோப்பின் வாலில் ஒரு டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கவும்.

இடம் சரியென்றால் கிளையின் (ஒரு ரெப்போவுக்குள் தனியாக வளர்கிற நிரல் பாதையின்) பெயர். கிற்ஹப் 2020 ஒக்டோபரில் புதிய ரெப்போக்களின் முதன்மைக் கிளையை மாஸ்ரரில் இருந்து மெயின் ஆக்கியது. பழைய பாடக் குறிப்பில் இருந்து பிரதி எடுத்த கொன்பிக் இன்னும் மாஸ்ரருக்குக் காத்துக்கொண்டிருக்கும். பாதை வடிகட்டியும் இதே மாதிரித்தான்: சோர்ஸ் அடைவு மாறினால் மட்டும் ஓடு என்று எழுதிவிட்டு, கொன்பிக்கை மட்டும் மாற்றிப் புஷ் பண்ணிவிட்டுக் காத்திருந்தால் விடியும்வரை காத்திருக்கலாம். வடிகட்டியில் கொன்பிக் கோப்பின் பாதையையும் சேர்த்துவிடுங்கள்.

கையால் ஓட்டுகிற பட்டன் தெரியவில்லை என்றால், அந்தக் கோப்பு முதன்மைக் கிளைக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். உங்கள் கிளையில் மட்டும் இருந்தால் பட்டன் வராது. ஒரு வேர்க்ஃப்ளோ (ஒரு கொன்பிக் கோப்பு சொல்கிற வேலைத் தொடர்) தானே கொமிட் பண்ணிப் புஷ் செய்தது, அதன்பின் மற்ற வேர்க்ஃப்ளோ எழும்பவில்லை என்றால் அது பழுது இல்லை. கிற்ஹப் தானாகக் கொடுக்கும் ரோக்கனால் (அனுமதிச் சாவியால்) செய்த புஷ் இன்னொரு ஓட்டத்தைக் கிளப்பாது. முடிவில்லாச் சுழலைத் தடுப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

எங்களை ஒரு பின்னேரம் முழுக்க அலைக்கழித்தது இதில் எதுவும் இல்லை. தம்பி ஒருவன் முந்தைய கொமிட்டின் செய்தியைப் பிரதி எடுத்து, இரண்டு சொல்லை மட்டும் மாற்றிப் போட்டிருந்தான். அந்தச் செய்தியின் வாலில் சதுர அடைப்புக்குள் "ஸ்கிப் சிஐ" என்று இருந்தது. அப்படி இருந்தால் கிற்ஹப்பும் ஓடாது, கிற்லாப்பும் ஓடாது. நாங்கள் ஐந்து பேரும் கொன்பிக் எழுதுகிற மொழியான யாமலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்; கொமிட் செய்தியை ஒருவரும் வாசிக்கவில்லை.

நேர அட்டவணைப்படி ஓடுவது மட்டும் நின்றுபோனால் காலண்டரைப் பாருங்கள். பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லை என்றால் கிற்ஹப் அட்டவணை ஓட்டத்தை நிறுத்திவைத்துவிடும். அறுவடை முடிந்து சிறுபோகம் தொடங்கும் வரைக்கும் நாங்கள் நிரலைத் தொடுவது குறைவு. எங்களுக்கு நின்றதும் அந்த இடைவெளியில்தான். ஆக்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய் மறுபடி இயக்கிவிட்டால் ஓடும்.

கோப்பு செல்லாது என்கிறது, அல்லது செல்லும் என்றுவிட்டு வேறு எதையோ செய்கிறது

யாமல் இடைவெளியால் பிழைக்கிற மொழி. உள்தள்ளலுக்கு டாப் விசை கூடாது, வெற்றிடம் மட்டும்தான். எடிட்டரில் வெற்றிடங்களைப் புள்ளியாகக் காட்டுகிற வசதியைப் போட்டு வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்துவிடும். கைபேசிக் குழுவில் யாரோ அனுப்பிய துண்டைப் பிரதி எடுத்து ஒட்டுவதுதான் எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி. நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகி வரும். சாதாரண வெற்றிடத்துக்குப் பதிலாக உடையாத வெற்றிடம் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் திரும்ப அடியுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பிழை என்று கத்துகிற யாமல் நல்ல யாமல். சத்தமில்லாமல் அர்த்தத்தை மாற்றுகிறதுதான் ஆபத்து. பைதனின் பதிப்பு 3.10 என்று மேற்கோள் இல்லாமல் எழுதிப் பாருங்கள். அது எண் என்று எடுத்துக்கொண்டு, கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டு, 3.1 தேடப் போகும். 3.9 வரைக்கும் ஒழுங்காக ஓடிய கோப்பு 3.10க்கு மாற்றியதும் உடைந்தால் காரணம் இதுதான்.

இன்னொன்று எங்கள் ஊர் எண்ணிலேயே இருக்கிறது. ஒரு சோதனைத் தரவுக் கோப்பில் தொலைபேசிப் பிராந்தியக் குறியீடுகளை எழுதியிருந்தோம்: கிளிநொச்சிக்கு 021, வவுனியாவுக்கு 024, மன்னாருக்கு 023. யாமல் 1.1 விதிப்படி வாசிக்கிற நூலகங்களுக்குப் பூச்சியத்தில் தொடங்கும் எண் எட்டின் அடிமானம். 021 வாசித்து வந்தபோது 17 ஆகிவிட்டது. வவுனியா 20, மன்னார் 19. அதே 1.1 விதியில் யெஸ், நோ, ஒன், ஓஃப் என்ற ஆங்கிலச் சொற்கள் மேற்கோள் இல்லாமல் வந்தால் உண்மை, பொய் என்ற மதிப்பாக மாறிவிடும். நோர்வேயின் இரண்டெழுத்துக் குறியீடு பொய்யாகிப்போகிற கதை இதனால்தான் உலகம் முழுக்கப் பிரபலம். பதிப்பு, குறியீடு, தொலைபேசி எண், ஆம் இல்லை எல்லாவற்றுக்கும் மேற்கோள் போடுவது எங்களிடம் இப்போது விதி. யோசிக்கத் தேவையில்லாத விதிதான் நிலைக்கும்.

புஷ் பண்ணமுன் கோப்பைச் சரிபார்க்கக் கருவிகள் இருக்கின்றன. கிற்ஹப் கோப்புக்கு ஆக்ஷன்லின்ற், கிற்லாப்பில் பைப்லைன் எடிட்டருக்குள்ளேயே இருக்கிற சோதிப்பான். "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2", "இப்ப சரி", "இல்லை இப்பத்தான் சரி" என்று பதினெட்டுக் கொமிட் போடுவதைவிட ஆக்ஷன்லின்ற்றைக் கணினியில் போட்டு வைப்பது நல்லம்.

என் மெசினில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை

எக்ஸிட் கோட், அதாவது கட்டளை முடியும்போது விட்டுப்போகிற எண், என்ன என்று முதலில் பாருங்கள். 127 என்றால் கட்டளை இல்லை: அந்தக் கருவி ரன்னரில் நிறுவப்படவில்லை, உங்கள் கணினியில் எப்போதோ நிறுவி மறந்துவிட்டீர்கள். 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க அனுமதி இல்லை. வின்டோஸில் இருந்து கொமிட் செய்த ஷெல் கோப்புகளுக்கு இது வழமை. கிற்றின் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையில் அந்தக் கோப்பின் முன்னால் 100644 என்று இருக்கும். 100755 என்று இருக்க வேண்டும். அப்டேற்-இன்டெக்ஸ் கட்டளையால் மாற்றிக் கொமிட் பண்ணுங்கள். கொன்பிக்கில் அனுமதி கொடுக்கிற ஒரு சிஎச்மோட் வரியைச் செருகி ஒப்பேற்றினாலும் ஓடும்; ஆனால் அடுத்த வேர்க்ஃப்ளோவிலும் அதையே செருக வேண்டி வரும். 137 என்றால் பெரும்பாலும் நினைவகம் போதாமல் இயங்குதளம் கொன்றுவிட்டது.

லொக்கில் பாஷ் என்ற பெயரின் வாலில் ஒரு கூரைக்குறியும் எம்மும் தொங்கினால், வரி முடிவு வின்டோஸ் பாணியில் இருக்கிறது. கிற் அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் கோப்புகளுக்கு எல்எஃப் (லினக்ஸ் பாணி வரி முடிவு) என்று ஒருமுறை எழுதிவிட்டால் எல்லாருக்கும் சேர்த்து முடிந்தது. ஒவ்வொருவரையும் அவரவர் எடிட்டரை மாற்றச் சொல்லித் திரியாதீர்கள்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிசகு வின்டோஸில் தெரியாது, லினக்ஸில் கோப்பே இல்லை என்னும். டேக்கில் இருந்து பதிப்பு எண் எடுக்கிற படி மட்டும் உடைந்தால், செக்அவுட் (நிரலை ரன்னருக்கு இறக்குகிற படி) ஆழம்தான் காரணம்: கிற்ஹப்பின் செக்அவுட் சாதாரணமாக ஒரேயொரு கொமிட்டை மட்டும் எடுக்கும், பழைய டேக்குகள் வராது. ஆழத்தைப் பூச்சியம் என்று கொடுத்தால் முழு வரலாறும் வரும்.

இனி நேரம். இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன்.

ரன்னரின் மணிக்கூடு யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். நாங்கள் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். ஆகவே இங்கே நள்ளிரவு தாண்டியதில் இருந்து விடிய 5.30 வரை ரன்னருக்கு இன்னும் நேற்றுத்தான். "இன்றைய தண்ணீர் முறை" என்று தேடுகிற சோதனை பகலில் எப்போதும் பச்சை. இராவிரவாக வேலை செய்கிற தம்பி புஷ் பண்ணினால் மட்டும் சிவப்பு. அவனுடைய நிரலில்தான் பிழை என்று இரண்டு கிழமை எல்லாருமாக அவனை நெருக்கினோம், பாவம்.

சரி, கொன்பிக்கில் நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று எழுதினோம். அந்தச் சோதனை பச்சையாகியது. உடனே வேறொன்று சிவந்தது. 2003ஆம் ஆண்டின் பழைய குளப் பதிவேடு ஒன்றைத் தட்டச்சுச் செய்து சோதனைத் தரவாக வைத்திருந்தோம். அதில் உள்ள நேரங்கள் எல்லாம் சரியாக அரை மணி பிசகின. ஒரு மணி என்றால் கோடைகால நேரம் என்று சந்தேகப்படலாம். அரை மணி எங்கிருந்து வரும்?

வயதானவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது: மே மாதம் ஆறரை மணி வித்தியாசம், ஒக்டோபரில் ஆறு மணி. 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. நேர வலயத் தரவுத்தளத்தில் ஆசியா/கொழும்பு என்ற பெயருக்குக் கீழே இந்த மூன்று மாற்றமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. இங்கே பழைய நேரமே ஓடியது; எல்லையில் இருந்த ஓமந்தையைத் தாண்டினால் கைமணிக்கூட்டை மாற்ற வேண்டும். பதிவேட்டை எழுதியவர் பார்த்தது வன்னி மணிக்கூடு. கணினி வாசித்தது கொழும்பு மணிக்கூடு.

கடைசியில் என்ன செய்தோம்: கொன்பிக்கில் ஆசியா/கொழும்பு அப்படியே இருக்கிறது, அந்தப் பதிவேட்டுச் சோதனைக்கு மட்டும் நிலையான +5:30. அந்த வரிக்கு மேலே மூன்று வரிக் குறிப்பு, 1996, 2006 என்று ஆண்டு சகிதம். குறிப்பு இல்லாமல் விட்டிருந்தால் அடுத்து வருகிற யாரோ ஒருவர் "இது என்ன தேவையில்லாத வரி" என்று அழித்திருப்பார். திரையில் குத்திவைத்த அமைப்பில் இப்படி ஒரு குறிப்பை எங்கே எழுதுவது?

அட்டவணையும் இதே கணக்கு. வேறு சொல்லாவிட்டால் கிற்ஹப் யூடிசிப்படிதான் ஓட்டும். திங்கள் அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டும் என்றால் எழுத வேண்டியது 30 20 * * 0 (வரிசை: நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை). கடைசி எண்ணைக் கவனியுங்கள்: பூச்சியம், ஞாயிறு. மணியைக் கழித்துவிட்டுக் கிழமையை மறப்பவர்கள்தான் அதிகம். கிற்லாப்பின் அட்டவணைப் பக்கத்தில் நேர வலயத்தைத் தெரிவுசெய்யலாம். ஆனால் அந்தத் தெரிவு கோப்பில் இல்லை, திரையில் இருக்கிறது. எங்காவது எழுதி வையுங்கள்.

நேற்று பச்சை, இன்று சிவப்பு, ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை

யாரோ தொட்டிருக்கிறார்கள், அது உங்கள் ரெப்போவில் இல்லை. சிவந்த ஓட்டத்தின் லொக்கையும் பச்சை ஓட்டத்தின் லொக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் ஐம்பது வரியை ஒப்பிடுங்கள். எல்லாரும் லொக்கின் அடியைத்தான் வாசிப்பார்கள். இந்த வகைப் பிழைக்கு விடை தலையில் இருக்கும். ரன்னர் படிமத்தின் பெயர், கருவிகளின் பதிப்பு எல்லாம் அங்கேதான்.

ரன்னரின் இயங்குதளமாக உபுண்டு-லேற்றஸ்ட் என்று எழுதியிருந்தால், அந்த லேற்றஸ்ட் எது என்று தீர்மானிப்பது நீங்கள் இல்லை. அது 22.04இல் இருந்து 24.04க்கு நகர்ந்தபோது, ரன்னரில் ஏற்கெனவே இருக்கும் என்று நம்பிய கருவிகள் பலருக்குக் காணாமல் போயின. பதிப்பு எண்ணையே எழுதுங்கள். டொக்கர் படிமத்துக்கும் இதுதான். நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) திட்டம் என்றால் லொக் கோப்பைக் கொமிட் பண்ணி, சிஐயில் நூலகங்களை நிறுவ என்பிஎம் இன்ஸ்டோலுக்குப் பதிலாக என்பிஎம் சிஐ ஓட்டுங்கள். லொக் கோப்பும் பக்கேஜ் கோப்பும் ஒத்துவராவிட்டால் அது அங்கேயே நின்று சொல்லும்.

மற்றவர் எழுதிய ஆக்ஷன்களை (கொன்பிக்கில் இருந்து கூப்பிடுகிற ஆயத்தப் படிகளை) டேக்கால் அழைப்பதும் நகரும் பொருளை நம்புவதுதான். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸ் குழுவின் சேஞ்ட்-ஃபைல்ஸ் என்ற ஆக்ஷனுக்கு இதுதான் நடந்தது. தாக்கியவர்கள் அதன் பழைய டேக்குகளையே கெட்ட கொமிட் ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பயன்படுத்திய ரெப்போக்களின் ரகசியச் சொற்கள் லொக்கில் கொட்டுண்டன. கொன்பிக்கில் ஒரு எழுத்தும் மாறவில்லை. டேக்குக்குப் பதிலாக 40 எழுத்துக் கொமிட் எண்ணை எழுதியிருந்தவர்களின் ஓட்டம் பழைய கொமிட்டிலேயே நின்றது. எண்ணை எழுதி, பக்கத்தில் அது எந்தப் பதிப்பு என்று குறிப்புப் போட்டுவிடுங்கள். புதுப்பிக்கிற வேலையை, டிபென்டபொட் என்ற கிற்ஹப்பின் தானியங்கி புல் ரிக்குவெஸ்டாக, அதாவது மேர்ஜ் பண்ணக் கேட்கிற விண்ணப்பமாகக் கொண்டுவரும்; நீங்கள் பார்த்து மேர்ஜ் பண்ணலாம்.

ரகசியச் சொல் வெறுமையாக வருகிறது

கிற்ஹப்பில் இல்லாத ஒரு சீக்ரெட்டைக் கூப்பிட்டால் பிழை வராது, வெற்றுச் சரம் வரும். அதனால் எழுத்துப் பிசகை முதலில் பாருங்கள். பெயர் சரி, உங்கள் கிளையில் ஓடுகிறது, வெளியாளின் புல் ரிக்குவெஸ்டில் மட்டும் வெறுமை என்றால் அது பாதுகாப்பு ஏற்பாடு: ஃபோர்க்கில் (வெளியாள் தன் கணக்கில் எடுத்த ரெப்போப் பிரதியில்) இருந்து வரும் ஓட்டத்துக்குச் சீக்ரெட் போகாது. அறிவியல் நகரில் இருந்தும் பம்பைமடுவில் இருந்தும் பல்கலைக்கழக மாணவர்கள் ஃபோர்க் பண்ணித்தான் எங்களுக்கு அனுப்புவார்கள், ஒவ்வொரு புதிய ஆளும் இதே கேள்வியோடு வருவார். சீக்ரெட் தேவைப்படும் படிகளைத் தனி வேலையாகப் பிரித்து, மேர்ஜ் ஆன பிறகு ஓடவிடுங்கள். புல் ரிக்குவெஸ்ட் டார்கெட் என்ற தூண்டுதலுக்கு மாற்றினால் சரிவரும் என்று இணையத்தில் யாராவது சொல்வார்கள். வெளியாளின் நிரலை உங்கள் சாவியோடு ஓடவிடுகிற வேலை அது. வேண்டாம்.

கிற்லாப்பில் மாறி "பாதுகாக்கப்பட்டது" என்று குறிக்கப்பட்டிருந்தால், பாதுகாக்கப்பட்ட கிளையிலும் டேக்கிலும் மட்டும்தான் கிடைக்கும். டிபென்டபொட்டின் புல் ரிக்குவெஸ்டுகளுக்குச் சீக்ரெட் பட்டியலே தனி. வெறுமை இல்லை, ஆனால் கடவுச்சொல் பிழை என்றால் ஒட்டும்போது வாலில் ஒரு புதிய வரி சேர்ந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க லொக்கில் அச்சிடாதீர்கள்; நீளத்தை மட்டும் அச்சிட்டால் போதும்.

ரகசியச் சொல்லே தவறிக் கொமிட் ஆகிவிட்டால், முதலில் அந்தச் சாவியை இரத்துச் செய்து புதியது எடுங்கள். வரலாற்றைத் துப்புரவாக்குவது அதற்குப் பிறகு.

"ரன்னருக்காகக் காத்திருக்கிறது" என்று நிற்கிறது

சொந்த ரன்னர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். கோப்பில் உள்ள லேபிளும் ரன்னரின் லேபிளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? ஒன்றென்றால் மெசின் உயிரோடு இருக்கிறதா? சொந்த ரன்னருக்குக் காத்திருக்கும் வேலையை கிற்ஹப் 24 மணித்தியாலத்தோடு கைவிட்டுவிடும். வெள்ளி பின்னேரம் கறண்ட் போனால் திங்கள் காலை பார்க்கும்போது எல்லாம் தோல்வியாகக் கிடக்கும். ரன்னரை முனையத்தில் கையால் தொடங்கி விட்டுவிடாமல், மெசின் எழும்பும்போது தானே எழும்புகிற சேவையாக நிறுவுங்கள்.

எங்கள் ரன்னர் ஒருமுறை கறண்ட் வந்து எழும்பியும் இணைய மறுத்தது. இன்ரநெற் இருக்கிறது, பிரௌசர் மட்டும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்கிறது. ரவுட்டரைக் கழற்றிப் பூட்டினோம், இணைப்புத் தந்தவர்களைத் திட்டினோம். கடைசியில் பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஒருத்தி திரையின் மூலையைக் காட்டி, "அக்கா, இந்தத் திகதி சரியோ?" என்றாள். மெசின் பல வருடம் பின்னால் நின்றது. தாய்ப்பலகையில் இருக்கிற நாணயம் போன்ற சீஆர் 2032 பற்றரி செத்துவிட்டது. கறண்ட் போகும் ஒவ்வொரு முறையும் மணிக்கூடு பழைய திகதிக்கு ஓடிவிடும். அந்தத் திகதியில் இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவில்லை. மணிக்கூட்டுக் கடையில் பற்றரி வாங்கிப் போட்டோம், தீர்ந்தது. இதை எந்த யாமலில் எழுதுவது? ஆனாலும் ரன்னரை அமைக்கிற படிகள் ஒரு ஷெல் கோப்பாக ரெப்போவில் இருக்கின்றன. அதன் முதல் படி இப்போது திகதியைச் சரிபார்க்கிறது.

பொது ரெப்போவுக்குச் சொந்த ரன்னரைக் கொடுக்காதீர்கள். புல் ரிக்குவெஸ்ட் அனுப்புகிற எவருடைய நிரலும் உங்கள் வீட்டு மெசினில் ஓடும்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

ஒரே புஷ்சுக்கு இரண்டு தடவை ஓடுகிறதா? புஷ், புல் ரிக்குவெஸ்ட் இரண்டையும் தூண்டுதலாக எழுதியிருக்கிறீர்கள். புஷ்ஷை மெயினுக்கு மட்டும் ஒதுக்குங்கள். கிற்ஹப்பின் இலவசக் கணக்கில் தனிப்பட்ட ரெப்போக்களுக்கு மாதம் 2000 நிமிடம்தான்.

மேர்ஜ் பட்டன் திறக்காமல், ஒரு சோதனை முடிவில்லாமல் காத்திருக்கிறதா? கட்டாயம் என்று குறித்த சோதனையைப் பாதை வடிகட்டி ஓடவிடாமல் தடுத்துவிட்டது. வடிகட்டியை வேர்க்ஃப்ளோவின் தலையில் இருந்து எடுத்து, வேலைக்குள் நிபந்தனையாக வையுங்கள். நிபந்தனையால் தவிர்க்கப்பட்ட வேலை வெற்றி என்று கணக்காகும்.

லொக் கோப்பை மாற்றியும் பழைய நூலகமே வருகிறதா? கேஷின் (அடுத்த ஓட்டத்துக்காகச் சேமித்து வைக்கிற கோப்புகளின்) சாவிக்குள் லொக் கோப்பின் ஹாஷ் (உள்ளடக்கத்தில் இருந்து கணிக்கிற அடையாள எண்) இல்லை. ஒரு சாவிக்கு ஒருமுறை சேமித்த கேஷ் மாறாது. பக்கத்துக் கிளையின் கேஷ் உங்களுக்குக் கிடைக்காது, மெயினுடையது கிடைக்கும். 7 நாள் ஒருவரும் தொடாதது அழிந்துவிடும்.

கோப்பில் ஒன்று, திரையில் ஒன்று

ஜென்கின்ஸை விட்டுப் போக முடியாதவர்களுக்கு இது. 2016இல் வந்த 2.0 பதிப்பில் இருந்து பைப்லைனை ஜென்கின்ஸ்ஃபைல் என்று ரெப்போவில் வைக்கலாம். ஜென்கின்ஸ் சேர்வரின் அமைப்பையே யாமலாக வைக்கத் தனிச் சொருகு ஒன்றும் இருக்கிறது. அறிகுறி இப்படி இருக்கும்: யாரோ அவசரத்துக்குத் திரையில் ஒரு மதிப்பை மாற்றுவார், எல்லாம் ஓடும், சேர்வர் மீண்டும் எழும்பும் நாளில் கோப்பில் உள்ள பழைய மதிப்பு அதன் மேலே வந்து உட்காரும். மாற்றியவருக்கே அப்போது நினைவிருக்காது. எங்களுக்கும் ஒருமுறை நடந்தது, நினைவக அளவு ஒன்றில். கண்டுபிடித்ததும் திரையில் திருத்தும் அனுமதியை என்னையும் சேர்த்து எல்லாரிடமும் இருந்து எடுத்துவிட்டேன். "அக்காவுக்கும் இல்லையோ?" என்று கேட்டான் தம்பி. அந்த மதிப்பைத் திரையில் மாற்றியதே அக்காதான் என்று அவனுக்குச் சொல்லவில்லை.